டி.பி. மாத்திரை போடுறீங்களா? சூரை மீன் விஷயத்தில் உஷார்! முகம் சிவந்தாலும் மருந்தை நிறுத்தாதீங்க

தூத்துக்குடி:

மத்தியானம் சூரை மீன் குழம்பு. வயிறு நிறைய சாப்பாடு. அரை மணி நேரம் கூட ஆகியிருக்காது. முகம் செக்கச்செவேல் என்று சிவக்கிறது. தலை விண் விண் என்று தெறிக்கிறது. நெஞ்சு படபடக்கிறது. உடம்பெல்லாம் அரிப்பு, வேர்வை, சிலருக்கு வாந்தி.

அதே சட்டியில் சாப்பிட்ட பெண்டாட்டி, பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லை. அப்புறம் யார் மேல் பழி விழும்? காலையில் போட்ட டி.பி. மாத்திரை மேல்தான்!

"இந்த மாத்திரை நமக்கு ஒத்துக்கலப்பா... ரொம்ப சூடு" என்று சொல்லி அட்டையை தூக்கி அலமாரி மேலே போட்டு விடுகிறார்கள். நோய் உள்ளே இருந்து கொண்டு மறுபடி கிளம்புகிறது. இந்த தடவை பழைய மாத்திரைக்கு அடங்காத கிருமியாகவும் அது கிளம்பலாம்.

மாத்திரை மேல் தப்பும் இல்லை, மீன் மேல் மட்டும் தப்பும் இல்லை. இரண்டும் ஒரே வயிற்றில் சந்தித்ததுதான் வினை. மீன் இல்லாமல் சோறு இறங்காத நம்ம ஊர்க்காரர்கள் இதை தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

சூரை, அயிலை, சாளை மாதிரி மீன்களின் சதையில் 'ஹிஸ்டிடின்' என்ற ஒரு பொருள் இயற்கையிலேயே அதிகம். மீன் செத்த பிறகு ஐஸ் இல்லாமல் வெக்கையில் கிடந்தால், அதில் இருக்கும் பாக்டீரியா இந்த ஹிஸ்டிடினை 'ஹிஸ்டமின்' ஆக மாற்றி விடும். அலர்ஜி வந்தால் நம் உடம்பே சுரக்கிறதே, அதே ஹிஸ்டமின்தான்.

கொஞ்சம் ஹிஸ்டமின் வயிற்றுக்குள் போனால் பயம் இல்லை. அதை உடைத்துப்போட நம் குடலிலும் உடம்பிலும் நொதிகள் இருக்கின்றன. காவல்காரன் மாதிரி.

டி.பி.க்கு கொடுக்கும் கூட்டு மாத்திரையில் 'ஐசோனியாசிட்' என்ற மருந்து இருக்கிறது. ஐ.என்.எச். என்றும் சொல்வார்கள். 1952-ல் இருந்து டி.பி. வைத்தியத்தின் முதுகெலும்பே இதுதான். டி.பி. கிருமியை கொல்வதில் கில்லாடி. ஆனால் அந்த காவல்காரனையும் இது கட்டிப்போட்டு விடுகிறது. மற்றவர்கள் தாங்கிக்கொள்கிற அளவு ஹிஸ்டமின் கூட, இந்த மாத்திரை போடுகிறவர் உடம்பில் உடையாமல் ரத்தத்தில் ஏறி விடும். அதனால்தான் ஒரே சட்டி குழம்பில் ஒருவருக்கு மட்டும் முகம் சிவக்கிறது.

ரொம்ப கெட்டுப்போன மீன் என்றால் மாத்திரை போடாதவருக்கும் இதே கதிதான். டி.பி. மாத்திரை போடுகிறவருக்கு சுமாராக கெட்டிருந்தாலே போதும்.

கொதிக்க வைத்தால் சரியாகுமா?

ஆகாது! இதில்தான் பல பேர் ஏமாறுகிறார்கள். குழம்பு வைத்தாலும், பொரித்தாலும், வறுத்தாலும் ஹிஸ்டமின் போகாது. பாக்டீரியா சாகும், அது உண்டாக்கி வைத்த ஹிஸ்டமின் அப்படியே நிற்கும். அப்புறமாக ஐஸ் பெட்டியில் வைத்தாலும் குறையாது.

மோந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஹிஸ்டமின் ஏறிய மீன் பல நேரம் நாற்றமே அடிக்காது. சாப்பிடும்போது நாக்கில் மிளகு வைத்த மாதிரி சுருக்கென்று இருக்கும் என்பார்கள். நாம் அரைத்து ஊற்றும் மசாலாவில் அந்த சுருக் எங்கே தெரியப் போகிறது!

மீன்களில் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக்கூடாது என்று 'கோடெக்ஸ்' என்கிற சர்வதேச உணவுத் தர அமைப்பு அளவு வைத்திருக்கிறது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆகும் மீனுக்கு இந்த சோதனை எல்லாம் உண்டு. தெருவில் கூடையில் வரும் மீனுக்கு யார் சோதனை செய்வது? அங்கே ஐஸ் ஒன்றுதான் பாதுகாப்பு.

தருவைக்குளத்தில் இருந்து வலை கொண்டு போய் ஆழ்கடலில் பல நாள் தங்கி சூரை பிடித்து வருகிறார்கள். படகிலேயே உடனே ஐஸ் போட்ட மீனுக்கும், கரைக்கு வந்த பிறகு வெயிலில் மணிக்கணக்கில் கிடந்த மீனுக்கும் கண்ணால் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. வயிற்றுக்குள் போன பிறகுதான் தெரியும்.

மாசி, கருவாடு கதையும் இதேதான். காயப்போடும் முன்பே ஹிஸ்டமின் ஏறியிருந்தால், காய்ந்த பிறகும் அது உள்ளேயேதான் இருக்கும். மாசி சம்பல் பிரியர்களுக்கு இது கசப்பான செய்திதான்.

கண்டுபிடித்தது அக்கரை டாக்டர்

இந்த விஷயத்தை உலகத்துக்கு தெளிவாக எடுத்துச் சொன்னது அமெரிக்காக்காரரோ, ஐரோப்பாக்காரரோ இல்லை. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப்பக்கம், இலங்கையைச் சேர்ந்த நெஞ்சு நோய் டாக்டர் சி.ஜி.உரகொட.

டி.பி. நோயாளிகள் சிலர் சூரை இனத்து மீன் சாப்பிட்ட பிறகு முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு என்று அவதிப்படுவதை அவர் கவனித்தார். மருந்து அலர்ஜி என்று எழுதி முடித்து விடாமல், நோயாளி என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். ஐசோனியாசிட் மருந்தும் ஹிஸ்டமின் ஏறிய மீனும் சேர்வதுதான் காரணம் என்று 1977-ல் தொடங்கி 1980 வரை மருத்துவ இதழ்களில் அடுத்தடுத்து எழுதினார்.

அவர்கள் பிடிப்பதும் நாம் பிடிப்பதும் ஒரே இனத்து மீன். மாசி போடாத இலங்கைச் சமையலும் கிடையாது. ஆனாலும் சுமார் 50 வருஷம் ஆன இந்த விஷயம், நம் பக்கத்து மீனவர் தெருக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாத்திரை கொடுக்கும் இடத்தில் "நீங்க சூரை சாப்பிடுவீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். காசு செலவு இல்லாத கேள்வி.

வந்து விட்டால் என்ன செய்வது?

முகம் சிவப்பு, தலைவலி, அரிப்பு எல்லாம் சாப்பிட்ட சில நிமிஷத்தில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாக அடங்கி விடும். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு போனால் ஹிஸ்டமினை அடக்கும் அலர்ஜி மருந்து கொடுப்பார்கள். சீக்கிரம் குறையும்.

மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, வாய் உதடு வீங்கினாலோ காத்திருக்கக் கூடாது. 108-ஐ கூப்பிட வேண்டியதுதான்.

டாக்டரிடம் இரண்டு விஷயத்தை சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்று, டி.பி. மாத்திரை போடுவது. இன்னொன்று, என்ன மீன் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு என்பது. டி.பி. என்று சொல்ல வெட்கப்பட்டு மீனை மட்டும் சொன்னால் 'மீன் அலர்ஜி' என்று ஆகி விடும். மீனை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் சொன்னால் 'மருந்து அலர்ஜி' என்று ஆகி விடும். இரண்டாவதுதான் ஆபத்து. நல்ல மருந்து ஒன்று அநியாயமாக கைவிட்டுப் போகும்.

மீன் சாப்பிடாத நாளிலும், மாத்திரை போட்டதும் தினமும் உடம்பில் தடிப்பு வருகிறது என்றால் அது வேறு சங்கதி. அது உண்மையிலேயே மருந்து அலர்ஜியாக இருக்கலாம். அதையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், நாம் இல்லை.

அப்போ மீனே கூடாதா? அப்படி யாரும் சொல்லவில்லை. டி.பி.காரருக்கு மீன் மாதிரி நல்ல சத்து ஏது? மாத்திரை சாப்பிடும் மாதங்களில் சூரை, மாசி ரெண்டையும் ஒதுக்கி வைத்து விடுங்கள். அயிலை, சாளை என்றால் ஐஸில் இருந்து எடுத்த புது மீனாக இருக்கட்டும். விளமீன் மாதிரி வெள்ளைச் சதை மீன், இறால், நண்டில் இந்தத் தொல்லை குறைவு. வாங்கி வந்த மீனை அடுப்படியில் வைத்துவிட்டு சீரியல் பார்க்க உட்காராதீர்கள். உடனே கழுவி சமைத்து விடுங்கள்.

நோய் இல்லாதவருக்கும் வரும்!

வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்றால், கூட இருக்கிறவர்களுக்கும் இப்போது தடுப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். தினமும் 6 மாதம் ஐசோனியாசிட், அல்லது வாரத்துக்கு ஒரு நாள் வீதம் 3 மாதம் வேறு ஒரு கூட்டு மருந்து. இரண்டிலும் ஐசோனியாசிட் உண்டு. ஆக, நோயே இல்லாத மகனுக்கும் மருமகளுக்கும் கூட சூரை குழம்பு வேலையைக் காட்டலாம். "நல்லா இருந்த புள்ளைக்கு மாத்திரை குடுத்து கெடுத்துட்டாங்க" என்று மருந்து கொடுக்க வந்த நர்ஸ் அம்மாவிடம் சண்டைக்கு போக வேண்டாம்.

பத்தியம் உண்டா?

டி.பி. என்றதும் வீட்டில் பெரியவர்கள் ஒரு பட்டியல் போடுவார்கள். முட்டை ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, குளிர்ச்சி ஆகாது, பழம் ஆகாது... இப்படி எதை எல்லாம் சாப்பிட வேண்டுமோ அதை எல்லாம் நிறுத்தி விடுவார்கள். அப்படி ஒரு பத்தியமும் இந்த மருந்துக்கு கிடையாது. சூரை, மாசி விஷயம்தான் முக்கியமாக பார்க்க வேண்டியது. குடிக்கு வேறு இடம் இருக்கிறது, அதை கீழே சொல்கிறோம்.

டி.பி. மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள சம்பந்தத்தை உலகுக்கு காட்டியதே நம்ம சென்னைதான். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் டி.பி. மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இங்கிலாந்து டாக்டர் வாலஸ் பாக்ஸ் தலைமையில் ஒரு சோதனை நடந்தது. அந்தக் காலத்தில் டி.பி. வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்து பால், முட்டை, ஓய்வு என்று கொடுப்பார்கள். ஏழைக்கு அது முடியுமா?

அதனால் நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்துக்கும், மறுபாதியை வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்துதான். சேரி வீடு, நெரிசல், சுமாரான சாப்பாடு, ஓய்வில்லாத வேலை... இத்தனை இருந்தும் ஒரு வருஷம் கழித்து வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கி விட்டது. சானடோரியத்தில் 92 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை! மருந்தை ஒழுங்காக போட்டதுதான் காரியம். 1959-ல் வெளியான இந்த முடிவுக்கு பிறகு உலகம் முழுக்க வீட்டில் வைத்தே வைத்தியம் என்ற முறை பரவியது. அந்த மையம்தான் இன்றைக்கு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

"அப்போ சாப்பாடே வேண்டாமா?" என்று கேட்கக் கூடாது. எலும்பும் தோலுமாக வருகிறவர்கள்தான் வைத்தியம் தொடங்கிய முதல் வாரங்களிலேயே சாகிறார்கள். அதை பார்த்துத்தான் தமிழக அரசு 2022-ல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' கொண்டு வந்தது. ரொம்ப மெலிந்தவர், மூச்சு வாங்குபவர், தாங்கல் இல்லாமல் நிற்க முடியாதவர்களை முதல் நாளே கண்டுபிடித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள்.

ஜார்க்கண்டில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. டி.பி. நோயாளி வீட்டு ஆட்களுக்கும் சேர்த்து சத்துணவு கொடுத்தபோது, அந்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. மருந்து கிருமியை கொல்லும். ஆளை நிமிர்த்துவது சாப்பாடு.

இதற்கு மத்திய அரசு பணமும் கொடுக்கிறது. 2018-ல் மாதம் 500 ரூபாயாக தொடங்கிய உதவி, 2024 நவம்பர் 1-ந் தேதி முதல் 1000 ரூபாய் ஆகி இருக்கிறது. வங்கிக் கணக்கில் நேரடியாக விழும். வராமல் இருந்தால் கேட்டு வாங்குங்கள். பிச்சை இல்லை, உங்கள் உரிமை.

ஒரு குவார்ட்டர்தானே!

கூட்டு மாத்திரையில் இருக்கும் ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைராசினமைடு மூன்றுமே கல்லீரலுக்கு சுமை. சாராயமும் அதே கல்லீரலுக்குத்தான் போகும். இரண்டு பக்கமும் இடி வாங்கினால் மத்தளம் கிழியாமல் என்ன செய்யும்?

கண் மஞ்சளாவது, பசி அடியோடு போவது, ஓயாத வாந்தி, வலது விலாவுக்கு கீழே வலி... இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு குழப்பமும் உண்டு. ரிபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு கலரில் போகும், வேர்வை கூட பனியனில் கறை போடும். அது சாதாரணம், மஞ்சள் காமாலை இல்லை. அதனால் சிறுநீரை பார்த்து பயப்படாமல் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள்.

குடிக்கிறவர்களுக்கு ஐசோனியாசிட் இன்னொரு தொல்லையும் கொடுக்கும். கால் பாதம் மரத்துப் போகும், எரியும். அதை தடுக்க 'பி 6' வைட்டமின் மாத்திரை கொடுப்பார்கள். சின்ன மாத்திரைதானே என்று அதை மட்டும் விட்டு விடாதீர்கள்.

விட முடியாதவர்கள் என்ன செய்வது? அதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்வதுதான் புத்திசாலித்தனம். "நேத்து ராத்திரி சரக்கு போட்டேன், அதனால மாத்திரை போடல" என்று மாத்திரையை விடுவது ரெண்டாவது தப்பு.

சுகர்காரர்கள் கவனிக்க!

சர்க்கரை நோய் இருந்தால் டி.பி. வரும் வாய்ப்பு 2, 3 மடங்கு அதிகம். ரெண்டும் சேர்ந்து வருகிறவர்கள் நிறைய. இங்கே வில்லன் ரிபாம்பிசின். இது கல்லீரலை முடுக்கி விட்டு மற்ற மருந்துகளை சீக்கிரம் கரைத்து விடும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி சுகர் மாத்திரைகள் போட்டும் சர்க்கரை இறங்காது. மாத்திரை அளவை டாக்டர் கூட்டுவார், அல்லது இன்சுலினுக்கு மாற்றுவார்.

பலரும் கோட்டை விடுவது கடைசியில்தான். 6 மாதம் முடிந்து டி.பி. மாத்திரையை நிறுத்தியதும், சில வாரத்தில் கல்லீரல் பழைய வேகத்துக்கு வந்து விடும். கூட்டி வைத்த சுகர் மாத்திரை இப்போது அதிகம். சர்க்கரை படக்கென்று இறங்கி மயக்கம் வரும். 'டி.பி. போச்சு' என்று சந்தோஷமாக இருக்கும்போது ரோட்டில் விழுந்து கிடப்பார்கள். கோர்ஸ் முடிந்த மாதமே ரத்தப் பரிசோதனை செய்து அளவை மாற்ற வேண்டும்.

கர்ப்பத்தடை மாத்திரையையும் ரிபாம்பிசின் இப்படித்தான் செல்லாக்காசு ஆக்கி விடும். அக்காமார்கள் காப்பர்-டி மாதிரி வேறு வழியைக் கேட்டுக் கொள்வது நல்லது. வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க போடும் மாத்திரை, எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறவர்கள் முதல் நாளே சொல்லி விட வேண்டும்.

நெஞ்சு எரிச்சலுக்கு ஜெலுசில் மாதிரி மருந்து குடிக்கிறவர்கள், டி.பி. மாத்திரை போட்டு ஒரு மணி நேரமாவது விட்டு குடிக்க வேண்டும். சேர்த்துக் குடித்தால் மாத்திரை உடம்பில் சேராது. டி.பி. மாத்திரைக்கு காலையில் வெறும் வயிறுதான் நல்லது. குமட்டல் தாங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டு லேசாக ஏதாவது சாப்பிட்டு போடலாம். போடாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

கடலுக்கு போகிறவர்களுக்கு...

கூட்டு மாத்திரையில் எத்தாம்பூட்டால் என்ற மருந்தும் உண்டு. அபூர்வமாக இது கண்ணை பாதிக்கும். முதலில் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ராத்திரியில் எதிரே வரும் படகின் இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை விளக்கு. அந்த ரெண்டு கலரை வைத்துத்தான் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று பார்க்கிறோம். கலர் மங்கினால் கரைக்கு வந்ததும் முதல் வேலையாக கண்ணை காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரியாகி விடும்.

தங்கு கடலுக்கு போகிறவர்கள், போகிற நாளை விட ரெண்டு நாள் கூடுதலாக மாத்திரையை எண்ணி வாங்கி, உப்புத் தண்ணி படாத டப்பாவில் வைத்துக் கொள்ளுங்கள். காத்து அடித்தால் சொன்ன நாளில் கரை சேர முடியுமா?

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். ஆனால் சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டி.பி. நுரையீரலில் குழி பறித்திருந்தால், அதற்குள் அடைபடும் காற்று மேலே வரும்போது விரியும். நுரையீரல் கிழிந்து உயிருக்கே ஆபத்து ஆகலாம். நோய் குணமான பிறகும் தழும்பு இருக்கும். எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சரி என்று சொல்லாமல் குதிக்கவே கூடாது.

மற்ற ஆன்டிபயாடிக் எப்படி?

டி.பி. இல்லாதவர்களுக்கும் சில வார்த்தை. உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு முக்கியமானது டாக்சிசைக்ளின். உண்ணிக் காய்ச்சலுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் கொடுப்பது இதைத்தான். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி ஊரே மிதந்ததே, அந்த மாதிரி வெள்ளத்தண்ணியில் நடக்கிறவர்களுக்குத்தான் எலிக்காய்ச்சல் பயம் அதிகம். இந்த மாத்திரை போட்டுவிட்டு வெயிலில் நின்றால் தோல் வெந்த மாதிரி சிவந்து உரியும். உப்பளத்தில் வெயில் மேலே இருந்து மட்டும் அடிப்பதில்லை, வெள்ளை உப்பில் பட்டு கீழே இருந்தும் அடிக்கும். முழுக்கை சட்டை, தலையில் துண்டு, முடிந்தால் அந்த சில நாள் லீவு.

இதை முழு டம்ளர் தண்ணீரோடு போட்டு அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். மடக்கென்று விழுங்கி படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டி புண்ணாக்கி விடும்.

சிப்ரோபிளாக்சசின் என்றால் பாலும் தயிரும் பகை. பாலில் உள்ள கால்சியம் மருந்தை பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. டாக்சிசைக்ளினுக்கு பால் அவ்வளவு கெடுதல் செய்யாது. ஆனால் சத்து மாத்திரை என்று கொடுக்கும் இரும்பு மாத்திரை ரெண்டுக்குமே ஆகாது. சிப்ரோவை இரும்பு மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் கழித்தோ போட வேண்டும்.

டீ விஷயத்திலும் சிப்ரோ வேலையைக் காட்டும். டீ, காபியில் உள்ள கபீன் உடம்பை விட்டு போக விடாமல் தாமதப்படுத்தும். ஒரு நாளைக்கு 8 டீ குடிக்கிற ஆளுக்கு கை நடுக்கம், தூக்கம் வராமை, படபடப்பு வந்தால் மருந்தை திட்ட வேண்டாம். டீயை ரெண்டாக்குங்கள்.

துறைமுகத்திலும் குடோனிலும் மூட்டை தூக்குகிறவர்கள் குதிகால் நரம்பை பார்த்துக் கொள்ள வேண்டும். சிப்ரோ, லெவோபிளாக்சசின் இனத்து மருந்துகள் அபூர்வமாக தசைநாரை பலவீனமாக்கி அறுந்து போகச் செய்யும். 2008-லேயே அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு கடும் எச்சரிக்கை போட்டு விட்டது. 60 வயதுக்கு மேலே உள்ளவர்களுக்கும், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து கூட. குதிகாலுக்கு மேலே வலித்தால் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு டாக்டரை பாருங்கள். வலி மாத்திரை போட்டு தூக்கக் கூடாது. சுகர் மாத்திரை போடுகிறவர்களுக்கு இதே மருந்துகள் சர்க்கரையை திடீரென்று இறக்கி விடுவதும் உண்டு.

"அண்ணாச்சி, ரெண்டு குடுங்க"

"வயித்தால போவுது அண்ணாச்சி, ரெண்டு மாத்திரை குடுங்க" என்று மெடிக்கலில் கேட்டு வாங்குவது நம் ஊரில் சர்வ சாதாரணம். கொடுக்கும் அண்ணாச்சிக்கு உங்களுக்கு சுகர் இருப்பது தெரியாது, உப்பள வேலை தெரியாது, ராத்திரி குடிப்பது தெரியாது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவே கூடாத மருந்து என்று அர்த்தம். டி.பி. மருந்துகளும் வீரியமான பல ஆன்டிபயாடிக்குகளும் 2014 மார்ச் 1-ந் தேதி முதல் 'எச் 1' பட்டியலில் இருக்கின்றன. விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர் எழுதி அந்த நோட்டை 3 வருஷம் கடைக்காரர் வைத்திருக்க வேண்டும்.

டி.பி. மருந்தை கடையில் காசு கொடுத்து வாங்கவே வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் முழு கோர்சும் இலவசம். மாத்திரை போட்ட பிறகு ஏதாவது தொந்தரவு வந்தால், நிறுத்தும் முன்னால் 1800-11-6666 என்ற இலவச நம்பரில் கேட்கலாம். போனை எடுப்பவரிடம் மத்தியானம் என்ன குழம்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.